கோல்ட்ஸ்ட்ரைக் வெந்நீர் ஊற்றுகள்: நடந்து போக நினைப்பவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

நெவாடாவில் ஹூவர் அணைக்குக் கீழே, கொலராடோ ஆற்றை நோக்கி இறங்கும் குறுகிய பாறைப் பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது. அதன் அடியில் வெந்நீர் ஊறுகிறது. பல குளிர்காலங்களில் அங்கே போய்வந்திருப்பதால் நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் என்னிடம் விசாரிப்பது வழக்கம். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. எல்லோரும் ஊற்றைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நானோ திரும்பி ஏறுவதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது, கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

இடம் சரியாக எங்கே இருக்கிறது?

லாஸ் வேகஸிலிருந்து தென்கிழக்கே காரில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. போல்டர் சிட்டியைத் தாண்டி, 11ஆம் எண் இன்டர்ஸ்டேட் சாலையில் ஹூவர் அணைக்குப் பிரியும் இடத்தில் இறங்கினால், அருகிலேயே மண் தரையில் வண்டி நிறுத்தும் இடம் இருக்கிறது. அங்கிருந்துதான் நடை தொடங்குகிறது. மீட் ஏரி தேசியப் பொழுதுபோக்குப் பகுதிக்குள் வரும் இந்த இடத்தை அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை நிர்வகிக்கிறது.

வார இறுதிகளில் காலை ஒன்பது மணிக்கே நிறுத்துமிடம் நிரம்பிவிடும். வார நாளில் போக முடிந்தால் போங்கள்.

எந்த மாதங்களில் போகலாம்?

அக்டோபர் 1 முதல் மே 14 வரை மட்டும். மே 15 முதல் செப்டம்பர் 30 வரை பாதையை ஒவ்வோர் ஆண்டும் மூடிவிடுகிறார்கள்.

"காலை ஐந்து மணிக்குப் போய்விட்டு ஒன்பதுக்குள் வந்துவிட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அது சட்ட விரோதம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பள்ளத்தாக்கின் சுவர்கள் கருமையான எரிமலைப் பாறை. பகல் முழுவதும் வாங்கிய வெயிலை இரவிலும் அவை வைத்துக்கொண்டிருக்கும். வெளியே 42 பாகை என்றால் உள்ளே அதைவிட அதிகம், காற்றோட்டமும் இல்லை. காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போது இறங்கிவிடுவது எளிது. ஏறும்போதுதான் வெயில் பிடிக்கும், அப்போது உடலில் வலுவும் குறைந்திருக்கும், புட்டியில் நீரும் குறைந்திருக்கும். மூடும் முடிவுக்குப் பின்னால் உயிரிழப்புகளும் எண்ணற்ற மீட்பு முயற்சிகளும் இருக்கின்றன. மீட்கப் போகிறவர்களும் அதே வெயிலில்தான் இறங்க வேண்டும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

பாலைக்கு வேனிலையும் நண்பகலையும் பொழுதாக வகுத்தவர்கள் நம்முடைய முன்னோர். அந்தப் பொழுதில் சுரம் கடப்பவனின் துன்பத்தைப் பாடிப் பாடியே தீர்த்தார்கள். அந்தப் பொழுதில் அங்கே போகாதீர்கள். நவம்பர் முதல் மார்ச் வரை உள்ள காலம் நடைக்கும் குளியலுக்கும் ஏற்றது.

நடை எவ்வளவு கடினம்?

தூரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். போக மூன்று, மூன்றரை கிலோமீட்டர்தான். சமதளத்தில் முக்கால் மணி நேர நடை. ஆனால் இங்கே இருநூறு மீட்டருக்கு மேல் கீழே இறங்குகிறீர்கள். அதுவும் படிப்படியாக அல்ல, விட்டுவிட்டு. கொஞ்ச தூரம் உலர்ந்த ஓடையின் சரளைக் கற்களில் நடப்பீர்கள். பிறகு திடீரென வழி நின்றுபோகும். முன்னால் ஓர் ஆள் உயரத்துக்கோ அதற்கு மேலோ செங்குத்தான பாறை. மழை வெள்ளம் அருவியாக விழுந்து விழுந்து வழவழப்பாக்கிய பாறை அது. அங்கே ஒரு கயிறு கட்டியிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பி, கால் வைக்க இடம் தேடி இறங்க வேண்டும்.

இப்படிக் கயிறு பிடிக்கும் இடங்கள் எட்டு. ஒன்றிரண்டு சிறியவை, சிலவற்றில் நெஞ்சு படபடக்கும். பாறை ஏறும் பயிற்சி தேவையில்லை. ஆனால் சொந்த உடல் எடையைக் கையால் தாங்கி இழுக்கும் வலு வேண்டும், உயரத்தைக் கண்டு உறைந்துபோகாத மனம் வேண்டும்.

இறங்க ஒன்றரை மணி நேரம், ஏற இரண்டரை மணி நேரம், குளியலுக்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூட்டமான நாளில் ஒவ்வொரு கயிற்றிலும் வரிசை நிற்கும். அந்தக் காத்திருப்பைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

கயிறுகளை நம்பலாமா?

கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. வெயிலும் மணலும் கயிற்றின் நாரை அரித்துவிடும். வெள்ளம் வந்தால் அடித்துக்கொண்டே போய்விடும். ஒவ்வொரு கயிற்றையும் தொடும் முன் கட்டியிருக்கும் முனையைப் பாருங்கள், நைந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு கீழிருந்தபடியோ மேலிருந்தபடியோ நன்றாக இழுத்துப் பாருங்கள். முழு எடையையும் கயிற்றில் போடாமல் கால்கள் பாதி வேலையைச் செய்யட்டும். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். மேலே நிற்பவர் கல்லைத் தட்டிவிடாமல் விலகி நிற்க வேண்டும்.

இறங்கும் ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு நொடி நின்று, "இதில் நான் களைத்த கைகளோடு, ஈரக் காலணியோடு மேலே ஏற முடியுமா?" என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஐயம் வந்தால் அந்த இடத்திலேயே திரும்பிவிடலாம். மூன்றாம் கயிற்றில் திரும்பியவர்களை நான் மதிக்கிறேன். அவர்கள் சொந்தக் காலில் மேலே போய்ச் சேர்ந்தவர்கள்.

அருகில் எரிமலை ஏதும் இல்லையே, தண்ணீர் எப்படிச் சூடாகிறது?

பாறைகள் எரிமலைப் பாறைகள்தான். ஆனால் அந்த எரிமலைகள் அடங்கிக் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. இன்றைய சூட்டுக்கு அவை காரணம் இல்லை.

நெவாடாவும் அதைச் சுற்றிய நிலமும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகளாக இழுபட்டு விரிந்துவரும் பகுதி. மாவை இரு பக்கமும் இழுத்தால் நடுவில் மெலிந்து விரிசல் விடுமே, அதுபோல. அந்த விரிசல்களின் வழியே நீர் ஆழத்துக்கு இறங்குகிறது. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் பொதுவாக 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை வெப்பம் கூடும். ஆழத்தில் நெடுங்காலம் கிடந்து சூடேறிய நீர், வேறொரு விரிசல் கிடைத்ததும் மேலே வந்துவிடுகிறது. கொலராடோ ஆறு இங்கே பாறையை ஆழமாக அறுத்து வைத்திருப்பதால், நீர் வெளியே வர மிகத் தாழ்வான இடம் இந்தப் பள்ளத்தாக்கின் அடிதான்.

வரும் வழியில் கரைத்துக்கொண்டு வந்த தாதுக்களைப் பாறைச் சுவரில் அது விட்டுவிடுகிறது. வெண்மையும் துரு நிறமும் மஞ்சளுமாகப் படிந்த சுவரில் பச்சைப் பாசி பிடித்து, அதன்மேல் வெந்நீர் சொட்டுச் சொட்டாக வழிந்துகொண்டிருக்கும். குளிர்காலக் காலையில் அதன்மேல் ஆவி எழும்பும். அந்தச் சுவருக்கு முன்னால் நான் பேசாமல் நின்றுவிடுவேன், ஒவ்வொரு முறையும். பாசியையும் படிவையும் சுரண்டாதீர்கள், பெயரைக் கீறாதீர்கள்.

நீரின் சூடு தாங்கக்கூடியதா?

ஒரே சூடு இல்லை. ஊறும் இடத்துக்கு அருகே கை வைக்க முடியாத சூடு. கீழே போகப் போக இதம். கையை நனைத்துப் பார்த்த பிறகே கால் வையுங்கள். நீண்ட நேரம் உட்கார 40 பாகைக்கு மேல் கூடாது. அதற்கு மேல் இருந்தால் சில நிமிடங்களில் வெளியே வந்துவிடுங்கள். சூட்டில் ரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் குறையும். சட்டென எழுந்தால் தலை சுற்றும், சுற்றிலும் கூர்மையான பாறை. இதய நோய் உள்ளவர்களும் கருவுற்றிருப்பவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் இறங்கவே வேண்டாம். மதுவை அங்கே எடுத்துப் போகாதீர்கள். வெந்நீரும் மதுவும் சேர்ந்து உடலின் நீரை வற்றச் செய்யும், பிறகு எட்டுக் கயிறுகள் காத்திருக்கும்.

மூளையைத் தின்னும் அமீபா இருக்கிறது என்கிறார்களே?

இருக்கக்கூடும். பாதைத் தொடக்கத்தில் வைத்திருக்கும் எச்சரிக்கை வீண் பயமுறுத்தல் இல்லை.

நெக்லேரியா ஃபௌலரி என்பது வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் ஒற்றைச் செல் உயிரி. இது உடலுக்குள் புகும் வழி மூக்கு. நீர் மூக்குக்குள் வேகமாக ஏறும்போது, முகர்வு நரம்பின் வழியே மூளைக்குப் போய்விடும். தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு என்று தொடங்கி, சில நாட்களிலேயே உயிரைப் பறித்துவிடும். பாதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 97க்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். 2022இல், லாஸ் வேகஸ் அடங்கிய கிளார்க் மாவட்டத்தைச் சேர்ந்த சிறுவன் ஒருவன் இந்த நோயால் இறந்தான். மீட் ஏரியின் அரிசோனா பக்கத்து நீரில்தான் தொற்று ஏற்பட்டிருக்க வேண்டும் என்று சுகாதாரத் துறையினர் கருதினார்கள்.

இது மிக மிக அரிய நோய். அமெரிக்கா முழுவதும் ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணும் அளவே பதிவாகிறது. நீரை விழுங்கினால் வருவதில்லை, தோலில் பட்டால் வருவதில்லை, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. ஆகவே பயந்து ஓட வேண்டியதில்லை. ஆனால் ஒன்றே ஒன்றில் கறாராக இருங்கள்: தலையை நீருக்கு மேலே வையுங்கள். மூழ்கக் கூடாது, குதிக்கக் கூடாது, முகத்தில் நீரை அடித்துக்கொள்ளக் கூடாது, வெந்நீர் அருவிக்குக் கீழே தலையைக் காட்டக் கூடாது. தண்ணீரைக் கண்டால் ஒருவர்மேல் ஒருவர் வாரி இறைப்பது குழந்தைகளின் இயல்பு. அதை இங்கே நிறுத்த முடியாது என்றால் குழந்தைகளை அழைத்து வராமல் இருப்பதே நல்லது. வீட்டுக்கு வந்து இரண்டு வாரத்துக்குள் கடும் தலைவலியும் காய்ச்சலும் வந்தால், வெந்நீர் ஊற்றில் குளித்ததை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

குழந்தைகளையும் வயதான பெற்றோரையும் அழைத்துப் போகலாமா?

கயிற்றைத் தானே பிடித்து ஏறத் தெரியாத குழந்தையை வேண்டாம். முதுகில் குழந்தையைச் சுமந்தபடி செங்குத்துப் பாறையில் இறங்கியவர்களைக் கண்டிருக்கிறேன்; பார்த்த எனக்குத்தான் கை நடுங்கியது. அப்பா அம்மாவின் முழங்கால் எப்படி என்பது அவர்களைவிட உங்களுக்குத் தெரியும், அவர்கள் "எனக்கு ஒன்றும் ஆகாது" என்றுதான் சொல்வார்கள். அவர்களை அணைக்கும் அதன் அருகே 2010இல் திறந்த உயரமான பாலத்துக்கும் அழைத்துப் போங்கள். பாலத்தின் நடைபாதையில் நின்றால் அணையும் ஆறும் கரும்பாறைச் சுவர்களும் ஒன்றாகத் தெரியும்.

நாய்?

எட்டுக் கயிறுகளிலும் அதைத் தூக்கி இறக்கித் தூக்கி ஏற்ற முடியுமா? வீட்டில் விடுங்கள்.

என்ன எடுத்துப் போக வேண்டும்?

நீர், ஆளுக்கு நான்கு லிட்டர். குளிர்காலத்திலும். வழியில் குடிநீர் இல்லை. ஊற்று நீர் குடிப்பதற்கு உரியதல்ல. அதில் இரண்டு லிட்டரைத் திரும்பும் வழிக்கென்று தனியாக வைத்து, ஊற்றில் இருக்கும்போது தொடாதீர்கள். உப்புச் சேர்ந்த தின்பண்டம் கொஞ்சம்.

காலில் பிடிப்புள்ள, நனைந்தாலும் கெட்டுப்போகாத காலணி. செருப்பு போட்டு வருகிறவர்கள் உண்டு. சரளையிலும் வழுக்குப் பாறையிலும் அவர்கள் படும் பாட்டைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். கயிற்றுக்கு ஒரு ஜோடி கையுறை. நெற்றியில் கட்டும் விளக்கு ஆளுக்கு ஒன்று, பகலிலேயே திரும்பிவிடுவோம் என்று உறுதியாக நம்பினாலும். குளித்தபின் மாற்ற உலர்ந்த சட்டை. பை முதுகோடு ஒட்டியிருக்க வேண்டும், கையில் எதுவும் தொங்கக் கூடாது.

கண்ணாடிப் புட்டிகளுக்குத் தடை உண்டு. பள்ளத்தாக்கில் கழிப்பறை இல்லை, ஆகையால் கழிவைக் கட்டி வெளியே கொண்டுவரும் பைகளை எடுத்துப் போங்கள். குறுகிய இடம்; நூறு பேர் வரும் நாளில் ஒருவர் விட்டுப்போகும் குப்பையில் இன்னொருவர் குளிக்க வேண்டியிருக்கும்.

கைப்பேசி வேலை செய்யுமா?

சுவர்களுக்கு இடையே இறங்கிவிட்டால் எதிர்பார்க்காதீர்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்பாவிட்டால் 911ஐ அழைக்க வேண்டும் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

இன்னொன்று: ஆற்றின் நடுவே நெவாடாவுக்கும் அரிசோனாவுக்கும் எல்லை. அரிசோனாவின் பெரும்பகுதி கடிகாரத்தை மாற்றுவதில்லை. குளிர்காலத்தில் அங்கே நேரம் ஒரு மணி முன்னால் இருக்கும். அந்தப் பக்கத்துச் சமிக்ஞை கொஞ்சம் கிடைத்தாலும் கைப்பேசி நேரத்தை மாற்றிக் காட்டிவிடலாம். கைக்கடிகாரம் கட்டிக்கொள்வது நல்லது.

மழை வந்தால்?

முன்னறிவிப்பில் மழை என்று இருந்தால் போகவே வேண்டாம். உங்கள் தலைக்கு மேலே வானம் நீலமாக இருந்தாலும், பல கிலோமீட்டர் தள்ளி மேட்டில் பெய்த மழை இந்த இடுக்கு வழியேதான் ஆற்றுக்கு வரும். பாலை நிலத்தின் தரை இறுகிப்போனது. நீரை உறிஞ்சுவதில்லை, வழித்து அனுப்பிவிடும். ஓடும் நீர் திடீரென்று கலங்கினாலோ, குச்சியும் சருகும் மிதந்து வந்தாலோ, மேலிருந்து இரைச்சல் கேட்டாலோ பையை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் மேலே ஏறுங்கள். வெள்ளத்துக்கு முன்னால் ஓடி வெல்ல முடியாது.

பாம்பு, தேள்?

இரண்டும் உண்டு. கண்ணால் பார்க்காத இடத்தில் கை வைக்காதீர்கள், காலணியை மாட்டும் முன் உதறுங்கள். குளிரில் கிலுகிலுப்பைப் பாம்புகள் பெரும்பாலும் ஒதுங்கியிருக்கும். மார்ச்சுக்குப் பிறகு கவனம் கூடுதலாக வேண்டும். மேலே நிமிர்ந்து பார்க்கவும் மறக்காதீர்கள். வளைந்த கொம்புள்ள பாலைவனக் காட்டு ஆடுகள், நாம் கயிறு பிடித்துத் தவிக்கும் பாறையில் சர்வ சாதாரணமாக நடந்துபோகும்.

ஆற்றில் நீந்தலாமா?

ஊற்றின் இதத்துக்குப் பிறகு ஆற்றைக் கண்டதும் குதிக்கத் தோன்றும். குதிக்காதீர்கள். இந்த நீர் மீட் ஏரியின் ஆழத்திலிருந்து அணை வழியாக வருகிறது. ஆண்டு முழுவதும் 12 பாகையை ஒட்டித்தான் இருக்கும். சூடேறிய உடல் அதில் விழுந்தால் மூச்சு தன்னையறியாமல் இழுக்கும். அந்த மூச்சில் நீர் போய்விடும். மின்சாரத் தேவைக்கு ஏற்ப அணையிலிருந்து விடும் நீரின் அளவு மாறுவதால் ஆற்றின் மட்டமும் இழுப்பும் சொல்லாமல் ஏறும். கரையில் வைத்த பை மிதந்து போனதை நானே கண்டேன். காலை நனைத்துவிட்டு வாருங்கள், போதும்.

கரையில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு ஒரு நினைவு வரும். 1858இல் ஜோசப் ஐவ்ஸ் என்ற ராணுவ அதிகாரி சிறிய நீராவிப் படகில் கடலிலிருந்து இந்த ஆற்றில் ஏறி வந்தார். ஆறு இங்கே அறுத்திருக்கும் பெரிய பள்ளத்தாக்கின் பெயர் பிளாக் கேன்யன். அதன் வாயிலில் படகு பாறையில் மோதி நின்றுவிட்டது. துடுப்புப் படகில்தான் உள்ளே வந்து பார்த்தார். 1935இல் முடிந்த 221 மீட்டர் உயர அணை இப்போது அந்த ஆற்றை அடக்கி வைத்திருக்கிறது. சுவர்கள் மட்டும் அவர் பார்த்தபடியே நிற்கின்றன.

கயிறு வேண்டாம், ஆனால் வெந்நீர் வேண்டும். வழி உண்டா?

ஆற்றின் அக்கரையில் வைட் ராக் கேன்யன் வழியே அரிசோனா வெந்நீர் ஊற்றுக்குப் போகலாம். தூரம் அதிகம், பாறை இறக்கம் குறைவு. ஆற்றுப் பக்கமிருந்து குளங்களுக்கு ஏற ஏறத்தாழ 20 அடி உயர இரும்பு ஏணி இருக்கிறது. அந்த நடைபாதைக்கும் கோடையில் அதே நாட்களில் தடை. இன்னொரு வழி, வில்லோ பீச்சிலிருந்து ஆற்றை எதிர்த்துக் கயாக்கில் வருவது. இந்த ஆற்றுப் பகுதி 2014இல் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டது. துடுப்புப் போட்டுப் பழகியவர்களுக்கு அதைவிட அழகான வழி இல்லை.

எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும்?

இதைத்தான் முதலில் கேட்க வேண்டும், யாரும் கேட்பதில்லை.

நான் முதல்முறை போனது டிசம்பரில். ஒரு மணிக்கு ஊற்றில் இறங்கினேன். குளிருக்கு அந்தச் சூடு அப்படி ஒட்டிக்கொண்டது. எழுந்தபோது மூன்றரை. டிசம்பரில் அங்கே சூரியன் மறைவது நாலரைக்கு. பள்ளத்தாக்கின் அடியில் அதற்கும் வெகு முன்பே நிழல் விழுந்துவிடுகிறது. கீழிருந்து மூன்றாவது கயிற்றை எட்டும்போது எதிரில் பாறை இருப்பதே தெரியவில்லை. நாங்கள் மூன்று பேர், விளக்கு ஒன்று. ஒருவர் ஏறி, விளக்கைத் திருப்பிக் கீழே காட்டி, அடுத்தவர் அதன் வெளிச்சத்தில் கால் வைக்க இடம் தேடி, இப்படியே மீதிக் கயிறுகள். ஈரத் துணியில் குளிர் ஏறியது. நீர் தீர்ந்துபோயிருந்தது. ஓரிடத்தில் ஓடையின் தவறான கிளைக்குள் போய்த் திரும்பினோம். வண்டியை அடைந்தபோது இரவு எட்டரை. யாருக்கும் அடிபடவில்லை. அது எங்கள் திறமையால் அல்ல என்று எங்கள் மூவருக்குமே தெரியும்.

அன்றிலிருந்து என் கணக்கு வேறு. சூரியன் மறையும் நேரத்திலிருந்து மூன்றரை மணி நேரத்தைக் கழித்து, அந்த நேரத்தை மணிக்கட்டில் பேனாவால் எழுதிக்கொள்கிறேன். டிசம்பர் என்றால் ஒரு மணி. மார்ச்சின் பிற்பகுதி என்றால் மூன்றரை. அதற்காக ஏழு மணிக்கே நடக்கத் தொடங்கிவிடுகிறேன். குறித்த நேரம் வந்ததும் துண்டைப் பிழிந்து, உலர்ந்த சட்டையை மாட்டி, தனியாக வைத்த நீரில் இரண்டு மிடறு குடித்துவிட்டு முதல் கயிற்றை நோக்கி நடக்கிறேன்.